பன்னிரண்டு எங்கே போனது?

போன ஞாயிறு சாயங்காலம். பெருங்களத்தூரில் எங்கள் மொட்டை மாடி. துணி உலர்த்தக் கொடி கட்டவேண்டுமென்று அப்பா பத்தடி இரும்பு பைப்போடு மேலே வந்திருந்தார். நான் ஒரு முனையைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகமெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் நிறம்... கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தெருவின் கரண்ட் ஒயர்.

“ஒயர்ல இடிக்காதாப்பா?”

“கரண்ட் போஸ்ட்டு எங்க கீது, நாம எங்க கீறோம்? பைப்ப படுக்க வெச்சாகூட அத்த எட்டாது. புடிடா!”

நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டினேன். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவன் தலையாட்டினால், அப்பாவுக்கு அது கவர்ன்மென்ட் சீல்!

தண்ணீர் டேங்க் நிழலில் தங்கை தேவி. பிளஸ் டூ. மடியில் கணக்குப் புத்தகம்.

“அண்ணா, பாயின்ட் 12, 3, 4. எக்ஸ் ஆக்ஸிஸ்லேர்ந்து எவ்ளோ தூரம்?”

“எக்ஸ்தானே? பன்னெண்டு.”

“போச்சு! பன்னெண்டு கணக்குலயே வராதுண்ணா. அது ஆக்ஸிஸ் கூடவே நடந்து போற தூரம். எவ்ளோ நடந்தாலும் ஆக்ஸிஸும் பக்கத்துலயே வருமில்ல? மூணையும் நாலையும் ஸ்கொயர் பண்ணிக் கூட்டு, இருபத்தஞ்சு. ரூட் எடுத்தா அஞ்சுதான்!”

கூடவே வருமா?

நிமிர்ந்து பார்த்தேன். போஸ்ட் தெருமுனையில்தான் இருக்கிறது. ஆனால் ஒயர்? அங்கிருந்து கிளம்பி எங்களோடு கூடவே... பக்கவாட்டில் கொஞ்சம், உயரத்தில் கொஞ்சம் — அவ்வளவுதான் இடைவெளி. அப்பாவோ பைப்பை நிமிர்த்த ஆரம்பித்திருந்தார்.

“அப்பா, கீழ போடு!”

பைப் தரையில் விழுந்து உருண்டது.

“இன்னாடா?”

“போஸ்ட்டுதாம்பா தூரம். ஒயரு நம்ம தலைகிட்ட கீது!”

அப்பா ஒயரைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். தேவி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்: “இத்தயாம்மா பரிட்சைல கேக்கறாங்க? நல்லா படி.”

இந்த வாரம் முழுக்க அந்தப் பன்னிரண்டு என்னை விடவில்லை. நாம் எல்லாவற்றையும் போஸ்ட்டிலிருந்தேதான் அளக்கிறோம், இல்லையா? புறப்பட்ட இடம் பளிச்சென்று தெரிகிறது. கூடவே வருவது தெரிவதில்லை. படிப்பு, காட்டாங்குளத்தூரில் வேலை, ஆபீஸ் இங்கிலீஷ்... வீட்டைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. அத்தனையும் கணக்கில் வராத அந்தப் பன்னிரண்டுதானோ? அந்த ஆக்ஸிஸ் மாதிரி வீடும் பக்கத்திலேயே கூட வருகிறதோ?

நேற்றுக் காலை ரயில் ஜன்னலோரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் போன்.

“பைப்ப பின்பக்கமா நட்டுட்டேன். அங்க ஒயரே இல்ல. நீ எங்க கீற?”

“கூடுவாஞ்சேரி தாண்டிட்டேம்பா... ஆனா, தூரமில்ல.”