பூசைக்கு அணைத்த மெஷின்

ஆயுத பூசை வந்தாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் டை என்னும் இரும்பு அச்சுகள் செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. காட்டுப்பாக்கத்து வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

அந்த அச்சுகளின் வரைபடங்கள் அத்தனையும் ஒரே ஒரு யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்தன. அதைச் சட்டென்று அணைக்கக் கூடாது. கட்டளை கொடுத்து, டிஸ்கில் எழுத வேண்டியதை எழுதி முடிக்க விட்டு, அப்புறம்தான் அணைக்க வேண்டும். பூசையன்று மேனேஜரிடம், "அஞ்சு நிமிஷம் குடுங்க சார்" என்று கெஞ்சினேன்.

"நல்ல நேரம் முடியப் போவுதும்மா. உன் மெஷின் என்ன, சாமிக்கு மேலயா?" என்றார்.

"இன்னா மேடம், லேத்தே கம்முனு கீது. இந்த டப்பாவுக்கு இன்னா?" என்று எலக்ட்ரீஷியன் மெயினை இழுத்துவிட்டார். திரை இருண்டது. அதன் நெற்றியில் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள்.

விஜயதசமி கழிந்து போட்டால், மெஷின் பாதியில் நின்றது. டிஸ்க் குழம்பிவிட்டது, ஆள் வந்து சரிசெய்ய வேண்டும் என்று, முழு அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்டைக் கேட்டது. அதுதான் சிங்கிள் யூசர் மோடு. பழுது பார்ப்பவரைத் தவிர வேறு யாரும் உள்ளே நுழைய முடியாது. மறுநாள் வாடிக்கையாளர் வருகிறார். வரைபடம் இல்லையென்றால் என் வேலையும் இல்லை. நகல் எடுத்துவைக்க டேப் வாங்கித் தாருங்கள் என்று கேட்டபோதெல்லாம் 'பார்க்கலாம்' என்று தட்டிக் கழித்தவரும் அதே மேனேஜர்தான்.

டிஸ்கைச் சரிசெய்யும் கட்டளையைப் போட்டேன். ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டி, அடைக்கவா, அடைக்கவா என்று கேட்டுக்கொண்டே போனது. ஆமாம் என்பதற்கு 'ஒய்' தட்டித் தட்டி விரல் மரத்துப்போனது. பெயரிழந்த கோப்புகள் வெறும் எண்களாக ஒரு மூலையில் வந்து குவிந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, எது எந்த வரைபடம் என்று கண்டுபிடித்துப் பெயர் வைத்தேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் திரும்பிவிட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

மேனேஜர் வந்து பார்த்தார். எல்லோரும் சுற்றி நிற்க, "ஏம்மா, பூசை அன்னிக்கு நீ வீட்டுக்குத் தூரமா? அதான் மெஷின் படுத்துடுச்சா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இல்ல சார்" என்றேன். இத்தனை ஆண்கள் நடுவில் அதற்குப் பதில் சொல்ல வைத்தாரே, பாவி! அவர் நம்பவும் இல்லை. ஆனாலும் வரைபடங்களை மீட்டதற்காக வேலையை நிரந்தரமாக்கினார். கூடவே, "இனிமே ஆயுத பூசைக்கு நீ லீவு எடுத்துக்கோ" என்றார். தலையாட்டினேன்.

அடுத்த வருஷம் நான் வீட்டில் இருந்தேன். அவர்கள் மெயினை இழுத்தார்கள். மெஷின் மறுபடியும் படுத்துக்கொண்டது, சரிசெய்ய என்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்த முறை மேனேஜர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.