எண்பலகைக் கோலும் காசிமிர் ப்ரோன்ஸ்கியின் நடையும்

காசிமிர் ப்ரோன்ஸ்கி தம் வாழ்நாளில் எவரையும் முந்தியதில்லை. டொலீடோ நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மஞ்சள் விளக்கைக் கண்டதும் நிற்கும் ஓட்டுநர்களை நாம் அறிவோம். மஞ்சள் விழக்கூடும் என்று தோன்றினாலே நின்றுவிடுபவர் காசிமிர். அவருடைய பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட கார்க்காரர்கள் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்து, காலப்போக்கில் வேறு தெருவைப் பழகிக்கொண்டார்கள். டோலோரஸிடம் திருமணத்தைப் பற்றிப் பேச உகந்த தருணத்துக்காக அவர் பல கோடைகள் காத்திருந்தார். கடைசியில் டோலோரஸே பேசி முடித்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஒருவர்தாம், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகிலேயே மிக வேகமானதென்று பெயரெடுத்த அணியின் சொந்த மைதானத்தில் எண்பலகைக் கோலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோலின் வேலை எளிது. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும். நடப்பது எத்தனையாவது முயற்சி, பந்து எந்த இடத்தில் கிடக்கிறது என்ற இரண்டையும் மைதானத்து ஓரத்தில் நின்று காட்டுவது காசிமிரின் கையிலிருந்த கோல். பத்து கெஜச் சங்கிலியின் இரு முனைகளை வேறு இருவர் பிடித்திருப்பார்கள். இவர்கள் ஆட்டக்காரர்களும் அல்லர், நடுவர்களும் அல்லர், ஊர்க்காரர்கள். பின்முனையைப் பிடித்த டூயி ஹாட்சர் சவ அடக்க நிலையம் நடத்துபவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வயிறு நிறைய பியரோகிக் கொழுக்கட்டை தின்றுவிட்டு வந்து, கோடு போட்ட மேலங்கியை மாட்டிக்கொண்டால் மாலைவரை அவர்கள் யாருக்கும் சொந்தமில்லாதவர்கள். கைதட்டக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது. பயிற்சியாளர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது.

கோல்கள் நிற்பதோ எதிரணியின் பக்கம். ஆகவே காசிமிர் தம் ஞாயிற்றுக்கிழமைகளை எதிரிகளின் முதுகோடு முதுகு உரசியபடியே கழித்தார். தம் ஊரையும், ஊரின் ஏரிக்காற்றையும், ஊர்ப் பெண்களையும் அவர்கள் வைதபோதெல்லாம் கல் போல நின்றார். சொந்த அணியான ஹெரன்ஸ் வென்ற நாளில் மூக்கு வழியாகச் சற்று நீளமாக மூச்சு விடுவார், கொண்டாட்டம் அவ்வளவுதான். அதற்கு ஈடாக ஊர் அவருக்கு ஓர் இடம் கொடுத்திருந்தது. முடிதிருத்தும் கடையில் அவர் நுழைந்தால் யாராவது எழுந்து நாற்காலி தருவார்கள். தொலைக்காட்சியில் அவருடைய கையைப் பார்த்ததாகச் சொல்வார்கள். முகம் ஒருபோதும் தெரிந்ததில்லை. அந்தக் கை போதுமானதாக இருந்தது. அதைத் தவிர அவரை ஊரில் யாரென்று சொல்ல வேறொன்றும் இல்லை.

அவர் ஓடாததற்குக் காரணம் உண்டு. கோலைப் பிடிக்கத் தொடங்கிய புதிதில், நீண்ட ஓட்டம் ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடி, ஈரப் புல்லில் வழுக்கி, கோலோடு குப்புற விழுந்தார். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. முகம் அப்போதும் தெரியவில்லை. அந்தப் படத்தை வெட்டிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியவர் அவரே. ஓடினால் கோல் ஆடும், ஆடினால் இடம் பிசகும், பிசகினால் ஓர் அணிக்கு அநியாயம் நடக்கும் என்பது அவர் அதிலிருந்து எடுத்த முடிவு. அன்று முதல் நடந்தார். இரு அணிகளுக்கும் ஒரே நடை.

இந்த நடையில் எவரும் குறை கண்டதில்லை, டேரன் ஓகில்வி பயிற்சியாளராக வரும்வரை.

ஓகில்வி வேகத்தை ஒரு மதம் போலப் பரப்பியவர். ஒரே ஒரு வேகமான ஆள் இருந்தால் அவன்மேல் இரண்டு பேரை ஏவி அடக்கிவிடலாம். பந்தை வாங்க ஓடும் ஐந்து பேரும் வேகமாக இருந்தால் எதிரணி யாரை அடக்கும் என்று கேட்பார். பயந்துபோன தடுப்புக்காரர்கள் பின்வாங்குவார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் குறுந்தூர எறிதல்களும் நேரோட்டங்களும் தாமாகப் பலிக்கும். அதற்குமேல், ஒரு முயற்சி முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கிவிட்டால் எதிரணியின் கனத்த ஆட்களால் களத்தைவிட்டு வெளியேறி மூச்சு வாங்கக்கூட முடியாது. இவ்வளவும் சரியான கணிப்பு என்பதை மறுப்பதற்கில்லை. நிர்வாகம் கஜானாவைத் திறந்து கால்களாக வாங்கிக் குவித்தது. மிச்சத்தில் தடுப்பு வரிசைக்குக் கிடைத்தவர்கள், மற்ற அணிகள் கழித்துவிட்ட முதிய, பருத்த, நல்ல மனிதர்கள். அணியின் பெயருக்கேற்பச் சட்டையில் இருந்த கொக்குச் சின்னம் மட்டும் பழையபடி ஒற்றைக் காலில் காத்துக்கொண்டு நின்றது.

வெளியூர்களில் ஹெரன்ஸ் புள்ளிகளை வாரி இறைத்தது. சொந்த மைதானத்திலோ முக்கி முனகி, குறைந்த புள்ளிகளில் வென்றது. வென்றது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் ஓகில்விக்கு வெற்றி முக்கியமில்லை, வேகம் முக்கியம். உள்ளூரில் மட்டும் அது எங்கே தொலைகிறது என்று தேடச் சொன்னார். உணவை மாற்றினார்கள். உடைமாற்றும் அறைக்கு வேறு வண்ணம் அடித்தார்கள். ஆட்டக்காரர்கள் மனைவி மக்களோடு தூங்குவதுதான் கேடு என்று முடிவுசெய்து, உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னிரவிலும் அவர்களை விடுதியில் அடைத்தார்கள். கடைசியாக ஒளிப்பதிவைப் பார்த்தார்கள். மின்னல் வேகத்தில் வரிசை கட்டிவிட்ட பதினொரு பேர். பந்தின்மேல் ஒரு காலை வைத்தபடி நடுவர். நடுவரின் பார்வை போன திசையில், மைதானத்து ஓரமாக, கோலைத் தோளில் சாய்த்து நடந்து வந்துகொண்டிருந்த காசிமிர். கோலுக்காகக் காத்திருக்கும்படி விதி நடுவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் அது வந்து சேர்ந்த பிறகே பந்தைவிட்டு விலகுவது அங்கு வந்த நடுவர்களின் பழக்கமாகிவிட்டிருந்தது.

அணியின் மைதான நிர்வாகி மார்சி கெல்னர் அவரை அலுவலகத்துக்கு அழைத்தார். காப்பி கொடுத்தார். டோலோரஸின் மூட்டுவலியை விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"காஸ், கொஞ்சம் ஓடி வந்தீங்கன்னா நல்லா இருக்கும்னு கோச் நெனைக்கிறாரு."

"எல்லா நேரமுமா, நம்ம கையில பந்து இருக்கிறப்ப மட்டுமா?"

மார்சி ஜன்னலைப் பார்த்தார். "அது உங்க இஷ்டம்."

"அப்போ எழுதிக் கொடுங்கம்மா. வச்சுக்கிறேன்."

எழுதிக் கொடுக்க வழியில்லை. கோல் பிடிப்பவர்களுக்கு அணி சம்பளம் தரலாம், கட்டளை தரக் கூடாது. தந்ததாக ஒரு வரி வெளியே போனால் லீக் அபராதம் போடும். எனவே வேறு வழி கண்டார்கள். உடல்தகுதிச் சோதனை என்று பெயர் சூட்டி, ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் கோல்காரர்கள் அனைவரையும் நாற்பது கெஜம் ஓடச் சொன்னார்கள். இளம் ஆட்டக்காரர்களை விலை பேசும்போது ஓடவிடும் அதே தூரம், அதே வெள்ளைக் கோடுகள், அதே கடிகாரக்காரர்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள், ஹெரன்ஸ் அணி முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறதோ என்று சந்தேகித்திருக்கலாம்.

டூயி ஹாட்சர் பாலிஷ் போட்ட கறுப்புக் காலணியோடு வந்திருந்தார். பத்தரைக்கு அவருக்கு ஓர் அடக்கம் இருந்தது. பாதித் தூரத்தில் நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கடிகாரக்காரரிடம் திரும்பினார்.

"தம்பி, என் வாடிக்கையாளர் ஒருத்தர்கூட இதுவரைக்கும் நான் லேட்டுன்னு சொன்னதில்ல."

காசிமிர் ஓடினார். ஓடச் சொன்னால் ஓடுவது ஒழுங்கு. முழங்கால்கள் ஒன்றோடொன்று வழக்காடின. இறுதிக் கோட்டைத் தாண்டி நிமிர்ந்தபோது, கடிகாரக்காரர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காசிமிருக்கும் டூயிக்கும் தொலைபேசி வந்தது. இத்தனை கால சேவைக்கு நன்றி. மேலங்கியைத் துவைத்துத் திருப்பி அனுப்பவும். தபாலில் எதுவும் வரவில்லை, ஒரு வரிகூட. பல நாள் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, காசிமிர் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். முடிதிருத்தும் கடையில் இப்போது அவர் தம் முறைக்காகக் காத்திருந்தார்.

பேச்சை நிறுத்தினாரே தவிர, விஷயத்தை விடவில்லை. வேகம்தான் தகுதி என்றால் வேகத்தைக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தார். தினமும் காலையில், பேருந்துப் பணிமனையின் பின்புறச் சாலையில், துடைப்பக் கட்டையொன்றைத் தோளில் சாய்த்து விரைநடை பழகினார். ஆடாமல் எவ்வளவு வேகம் போக முடியுமோ அவ்வளவு. கட்டையின் நுனியில் டோலோரஸ் ஒரு மணியைக் கட்டிவிட்டார், ஆடினால் தெரியட்டும் என்று. முதலில் தெருவே அவரை மணியோசையால் அறிந்தது. போகப் போக ஓசை குறைந்தது.

அந்தப் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தை அவரும் டூயியும் பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்த்தார்கள். வென்றால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. கோல்களைப் பிடித்திருந்தவர்கள் கல்லூரித் தடகள வீரர்கள். பந்து கீழே விழுமுன் கோல் அங்கே நின்றது. ஹெரன்ஸ் அணியின் ஐந்து ஓட்டக்காரர்களும் ஐந்து திசையில் பாய, ஓகில்வியின் வேதம் வரிக்கு வரி பலித்தது. மைதானம் எழுந்து நின்று கத்தியது. காசிமிர் மட்டும் முழங்கால்களில் கைவைத்து, பழக்க தோஷத்தால் கல் போல உட்கார்ந்திருந்தார். எதிரணி ஆதரவாளர் என்று எண்ணிய பக்கத்து இருக்கைக்காரர், ஊர் போய்ச் சேர நல்வழி சொன்னார்.

பிறகு பந்து எதிரணியின் கைக்குப் போனது. கோல்கள் அவர்களுக்காகவும் அதே வேகத்தில் ஓடின. யாரும் இதை யோசித்திருக்கவில்லை. கோல் இரு பக்கத்துக்கும் பொது என்பது விளையாட்டின் முதல் பாடம்; அத்தனை வல்லுநர்களும் அறைக்கு வண்ணம் மாற்றியபோது அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

டூயி வேர்க்கடலையை உடைத்தபடி களத்தைக் காட்டினார். "நம்ம தடியனுங்களப் பாரு. இடுப்புல கை வச்சு நிக்கிறானுங்க. இன்னும் அரை மணி நேரம் இப்படியே போச்சுன்னா அதுல ரெண்டு பேரு என்கிட்ட வந்துருவான்."

"அவங்களுக்கு வயசாச்சுப்பா."

"போன மாசமும்தான் வயசாகியிருந்துச்சு. அப்ப மூச்சு விட நேரம் இருந்துச்சே, அது யாரு குடுத்ததுன்னு நெனைக்கிற? உன் காலுய்யா."

காசிமிர் அவர் பக்கம் திரும்பினார். வேலையைப் பறித்த தொலைபேசி வந்தபோதுகூட அவர் முகம் அப்படிச் சிவந்ததில்லை.

"நான் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நடைதான் நடந்தேன், டூயி."

"அதத்தான் நானும் சொல்றேன். ஒரே நடை. ஆனா அது தேவைப்பட்டது ஒருத்தனுக்குத்தானே."

அன்று ஹெரன்ஸ் நாற்பத்தைந்து புள்ளிகள் எடுத்தது. உள்ளூரில் அதுவரை காணாத எண்ணிக்கை. எதிரணி ஐம்பத்திரண்டு எடுத்தது. அணி தோற்றது காசிமிரை உறுத்தவில்லை. யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றதாக எண்ணியிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், தமக்கே தெரியாமல் ஒரு பக்கத்துக்கு உதவியிருக்கிறோம் என்பது உறுத்தியது.

தோல்விக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை, தேவையும் எழவில்லை. லீகிலேயே அதிகப் புள்ளிகள் குவித்த தாக்குதல் வரிசையை உருவாக்கியவர் என்று ஓகில்வியைத் தென்மாநில அணியொன்று இரட்டிப்புச் சம்பளத்துக்குக் கொத்திக்கொண்டு போயிற்று. அவருடைய இடத்துக்கு வந்த லைல் ஹாஸ்கின்ஸ் வேறு மதத்தவர். பந்தை நம்மிடமே வைத்துக்கொண்டு, கெஜம் கெஜமாக ஊர்ந்து, கடிகாரத்தைத் தின்றுதீர்த்தால் எதிரியின் வேகம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்பது அவருடைய சித்தாந்தம். அதே ஒளிப்பதிவுகளைப் பார்த்தார். கோலைத் தோளில் சாய்த்து நடந்துவரும் மனிதரை மீண்டும் மீண்டும் ஓடவிட்டுப் பார்த்து, இந்த மேதை எங்கே என்று கேட்டார்.

மார்சி தொலைபேசியில் அழைத்தபோது காசிமிர் ஒன்றே ஒன்று கேட்டார்: மறுபடியும் ஓடிக் காட்ட வேண்டுமா? அதெல்லாம் வேண்டாம், பழையபடி இருந்தால் போதும் என்றார் மார்சி. மேலங்கி திரும்பி வந்தது, டூயிக்கும். முடிதிருத்தும் கடையில் நாற்காலியும் காலியானது.

செப்டம்பரில் முதல் ஆட்டம். ஏரிக்காற்று இன்னும் குளிரத் தொடங்கவில்லை. ஹெரன்ஸ் நேராக ஓடி நான்கு கெஜம் எடுத்தது. நடுவர் பந்தை வைத்துவிட்டு ஓரத்தைப் பார்த்தார். கோல் ஏற்கெனவே அங்கே நின்றது, சிறிதும் ஆடாமல். அடுத்த முறையும் அப்படியே. பல மாதம் மணி கட்டிப் பழகிய கால்களுக்குப் பழைய நடை மறந்துபோயிருந்தது. எதிர்ப்பக்க ஓரத்தில் ஹாஸ்கின்ஸ் கண்களுக்குமேல் கையைக் குடையாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

இடைவேளையில் மார்சி களத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த டூயி, காதைத் தீட்டிக்கொண்டு அசையாமல் நின்றார்.

"காஸ், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் மெதுவா வர முடியுமான்னு கோச் கேக்கச் சொன்னாரு."

காசிமிர் கோலின் அடியில் ஒட்டியிருந்த புல்லை விரலால் வழித்து எறிந்தார். எண்பலகையைத் திருப்பி ஒன்றில் நிறுத்தினார்.

"எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கம்மா" என்றார். "வச்சுக்கிறேன்."

இரண்டாம் பாதி தொடங்குமுன் அவர் தம் இடத்துக்குப் போய்விட்டிருந்தார், எல்லாருக்கும் முன்பாக.