ஃபைல் நாடா

ஆபீஸ் முடிந்து மெட்ரோவில் நின்றே வந்ததில் கால் கடுக்கிறது. மயூர் விஹார் வீட்டு வாசலில், மகன் புது சைக்கிளின் பெடலோடு காலைப் பட்டையால் கட்டிக்கொண்டிருக்கிறான். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றுமாம். கால் நழுவக் கூடாதாம்.

என் முதல் சைக்கிளிலும் காலைக் கட்டித்தான் ஓட்டினேன். மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், ஆபீஸிலிருந்து வந்த அப்பா, சிவப்பு ஃபைல் நாடாவால் என் கால்களைப் பெடலில் கட்டித் தள்ளிவிட்டார்.

"நிறுத்தணும்னா கூப்பிடும்மா, பிடிச்சுக்கறேன்."

ஒரு சுற்று வந்து கூப்பிட்டேன். அப்பா மதகுச் சுவரில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். நின்றால் காலை ஊன்ற முடியாது. கத்திக்கொண்டே சுற்றி, கட்டிய காலோடு விழுந்தேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

"அம்மா, நிறுத்தறப்போ பிடிச்சுக்கோ. அதுவரைக்கும் பெஞ்ச்ல உக்காரேன்," என்கிறான் மகன்.

"வேண்டாம்டா, நிக்கறேன்."

உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன்.