மோனிஷாவுக்குக் கொடுத்த பயிற்சி

நாமக்கல் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளியின் விடுதிச் சமையலறையில் சரிதாவுக்கு வேலை. அவள் இட்லி ஊற்றும்போதே ஜன்னலுக்கு அந்தப்பக்கம் பிள்ளைகள் உருப்போட ஆரம்பித்துவிடுவார்கள். எந்தப் பரீட்சையையும் உருப்போட்டே தேறிவிடலாம் என்பது அந்த ஊர்க் காற்றிலேயே கலந்த நம்பிக்கை. பாவம், அவளும் அந்தக் காற்றைத்தானே சுவாசித்தாள்.

அவள் மகள் மோனிஷாவுக்கு ஆறு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். மற்ற பிள்ளைகளோடு சேராமல் கரண்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பாள். ஆட்டிசமாக இருக்கலாம் என்று முதலில் சொன்னவர் அவள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர் வித்யா.

"மருத்துவ முகாமுக்குக் கூட்டீட்டு வாங்கக்கா. டாக்டர் டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்தாத்தான் அவளுக்குப் பயிற்சி கெடைக்கும். நானும் ஊட்டுக்கே வந்து சொல்லித் தர முடியும்."

டெஸ்ட் என்றால் தேற வேண்டும். சரிதாவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போயிருந்த கணவன் சிவபிரகாஷ் வேறு, "எம்புள்ளைக்கு ஒன்னும் கெடையாது" என்று போனில் கத்தினான். கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "பேரென்ன?" என்பாள். "மோனிஷா" என்றால் கடலைமிட்டாய். "என்ன படிக்கறே?" "ஒன்னாப்பு." மறுபடி மிட்டாய். முகத்தைப் பார்க்காமல் சொன்னால் தொடையில் ஒரு கிள்ளு.

முகாமில் மோனிஷா பிசகாமல் ஒப்பித்தாள். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் சரிதாவும், "கூப்பிட்டா ஓடி வந்துருவாளுங்க, புள்ளைங்களோட நல்லா வெளையாடுவாளுங்க" என்று கூசாமல் அளந்தாள்.

"பேச்சுத்தான் கொஞ்சம் தாமதம். தனிப் பயிற்சிக்கு எழுதிக் கொடுக்கிற அளவுக்கு இல்லைம்மா" என்றார் டாக்டர். சரிதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெளியே காத்திருந்த வித்யாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்கக்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? இனி அவளுக்கு யாரு சொல்லித் தருவா?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் மகளைப் பார்த்தாள். மோனிஷா தன் தாடையைத் தானே பிடித்து நிமிர்த்திக்கொண்டு, "மோனிஷா. ஒன்னாப்பு. மோனிஷா. ஒன்னாப்பு" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உதவி கேட்டு வந்த இடத்தில், உதவியே தேவைப்படாத பிள்ளையாக அவளுக்கு வேஷம் கட்டியது பெற்றவளேதான். தூ, நானும் ஒரு தாயா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது சரிதாவுக்கு.

உள்ளே டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். "நான் பொய் சொல்லிப்போட்டனுங்க டாக்டரம்மா. எல்லாம் நான் பழக்கி உட்டதுங்க. கிள்ளிக் கிள்ளி..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

டாக்டர் மறுபடி உட்கார்ந்தார். "இந்தத் தடவை உள்ளதை மட்டும் சொல்லுங்க."

சரிதா எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர், "மோனிஷா" என்று கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டார். அப்போதும் இல்லை. வெகுநேரம் பார்த்த பிறகு, "பயிற்சி கிடைக்கும்மா, எழுதிடறேன்" என்றார்.

சரிதாவுக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். யார் கூப்பிட்டும் திரும்பாத மோனிஷா, அந்தக் கையைக் கண்டதும் தொடையைப் பொத்திக்கொண்டாள்.