அலமாரிக்குப் பின்னால் சுவர் இல்லை

நாயுடுபுரத்தில் நாங்கள் வாங்கிய வீடு பழையது. சமையலறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாது. சிமெண்டு மேடை பொரிந்துபோய், மழைக்காலமெல்லாம் சுவரில் ஈரம் கசியும். போன வருடக் கடைசியில்தான் எல்லாவற்றையும் இடித்துவிட்டு கிரானைட் மேடை போட முடிவு செய்தோம்.

முதலில் சுவரோடு பதித்திருந்த மர அலமாரியை எடுக்க வேண்டும். கொத்தனார் கடப்பாரையால் நெம்ப, என் கணவர் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். அலமாரி கையோடு வந்துவிட்டது. பின்னால் சுவர் இல்லை. ஆளுயரத்துக்கு ஒரு வாசல்! அதை அடைத்திருந்த பலகை பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்துகிடந்தது. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, கத்தியும் கையுமாக எங்களைப் பார்த்தபடி நின்றார்.

"ஆத்தாடி! ரெண்டும் ஒரே வீடா இருந்திருக்குக்கா," என்றார் கொத்தனார். "பலகைய அடிச்சு, சுண்ணாம்பப் பூசி விட்ருக்காங்க."

சாக்கடைத் தண்ணீர்த் தகராறில் நானும் அந்த அம்மாவும் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அந்தக் கட்டி இப்ப எப்படிங்க இருக்கு?"

மார்பில் கட்டி வந்ததை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளனே எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இந்த அலமாரியில் சாய்ந்து நின்றுதான் மதுரையில் நர்ஸாக இருக்கும் தோழியிடம் போனில் பேசுவேன். பிறகு அவள் வீட்டு விசேஷம் என்று பொய் சொல்லிப் போய், பரிசோதனை முடிவை நேரில் தெரிந்துகொண்டு வந்தேன்.

"எந்தக் கட்டி?" என்றார் கணவர். அலமாரியை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.

"சாதாரணக் கட்டிதான்னு சொல்லிட்டாங்க. பயமில்லயாம்," என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "நீங்க அழுதது கேட்டுச்சு. அப்புறம் என்னாச்சுன்னு தெரியல. ஒரு வருஷமா நெஞ்சுக்குள்ளயே கெடக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து கேக்க?"

மறுநாளே கொத்தனார் செங்கல் வைத்து வாசலை அடைத்தார். வேலை முடியும்வரை கணவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. புது மேடையில் முதன்முதலாகப் பால் காய்ச்சியபோது வந்து பக்கத்தில் நின்றார்.

"பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல."

டாக்டர் மறுபடி வரச் சொல்லித் தேதி எழுதிய சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த பரிசோதனைக்கு இருவருமாகத்தான் மதுரைக்குப் போனோம். திரும்பி வந்ததும் அவர் சாவியைத் தேடிக்கொண்டிருக்க, நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.