வரேன் என்று சொன்னவரின் கோட்டு

குழுமம் பிஸ்கட்டில் ஆரம்பித்தது. பிறகு பெயின்ட், பிளாஸ்டிக் நாற்காலி, இன்சூரன்ஸ், குளிர்பதனக் கிடங்கு என்று கண்ணில் பட்டதிலெல்லாம் கை வைத்தது. முதலாளி காலைப் பேப்பரில் ஒரு தொழிலைப் பற்றிப் படித்தால் சாயங்காலத்துக்குள் அதற்கு ஒரு போர்டு மாட்டிவிடுவார் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். கடல் தாண்டியும் சில கிளைகள் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பதவியில் இப்போது இருப்பவள் அவள். அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அண்ணன்.

அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்தவர் அவர்தான். கணக்குப் பிரிவில் அவளைச் சேர்த்துவிட்டுத் தனக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி காரிடாரில் விறைப்பாக நடந்து போவார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவளுடைய டப்பாவைத் திறந்து பாதியைக் காலி செய்வார். அண்ணன் தயவில் மேலே வந்தவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்களுக்கு, அவர் அவளை எத்தனை பேர் முன்னால் வைத்துத் திட்டியிருக்கிறார் என்பது தெரியாது.

போன வருடம் இதே பயணத்துக்கு அவர் கிளம்பிய அன்று அவள் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். வெளியே கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "சரி, நான் போறேன்" என்றார்.

"போறேன்னு சொல்லாதண்ணே. வரேன்னு சொல்லு."

"வந்து சொல்றேன்" என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். வரவில்லை. அந்த ஊர் ஹோட்டல் அறையில் இதயம் நின்றுவிட்டது.

அவள் சகுனம் பார்க்கிறவள் இல்லை. டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் விஷயம். இதைத் தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் அந்த ஒரு சொல் அவளை விடவில்லை. பல் துலக்கும்போது, லிஃப்டில் நிற்கும்போது, கூட்டத்தில் யாரோ லாப நஷ்டம் பேசும்போது திடீரென்று காதில் விழும். போறேன்.

இந்த முறை பயணம் முழுக்க அண்ணன் அவளுக்கு ஓர் அடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். பெயின்ட் ஆலையில் அவர் எப்போதும் உட்காரும் நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போட்டார்கள். இன்சூரன்ஸ் அலுவலகத்தில், சர்க்கரை இல்லாமல்தானே என்று கேட்டு டீ வைத்தார்கள். அவளுக்குச் சர்க்கரை வேண்டும். வாயைத் திறந்து சொல்லாமல் அந்தக் கசப்பைக் குடித்து வைத்தாள்.

கடைசியாகக் குளிர்பதனக் கிடங்கு. இதை மூடுவதா வேண்டாமா என்று அவள்தான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று முதலாளி அனுப்பியிருந்தார். கணக்கு மோசம் என்பது அவளுக்குத் தெரியும். இயந்திரங்கள் கிழடு. ஆனால் நாற்பது ஐம்பது குடும்பங்கள் இந்த ஒரு கதவை நம்பி இருப்பதும் தெரியும். இன்னும் ஒரு வருடம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம்தான் வரும் வழியெல்லாம் ஓடியது.

கேட்டில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். இளவயதில் பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அந்தக் கிடங்கில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அண்ணனை ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டியவரும் அவர்தான். அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு குளிருக்குக் கோட்டுப் போட வேண்டும் என்று பேச்சை மாற்றிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார்.

குளிர் அறையின் வாசலில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய தடிமனான நீலக் கோட்டு. கடைசிக் கொக்கியில் இருந்ததன் மேல் தூசி இல்லை, யாரோ தட்டி வைத்திருந்தார்கள். அது அண்ணனுடையது.

"இன்னுமா மாட்டி வச்சிருக்கீங்க?" என்றாள்.

"போயிட்டார்னு எல்லாருக்கும் தெரியும்மா. ஆனா வரேன்னு சொல்லிட்டுப் போனவரோட கோட்ட எடுக்க இங்க யாருக்கும் கை வரல."

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். முன்பு ஒருமுறை மூட்டை இறக்குகிற ஆள் ஒருவர் உள்ளே இருப்பது தெரியாமல் கதவைச் சாத்திவிட்டார்கள். பிழைத்ததே பெரும்பாடு. அடுத்த முறை வந்த அண்ணன் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். உள்ளே போகிறவர் வாசலில் நிற்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லைக் கேட்டவர், போனவர் வெளியே வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. என்ன சொல்வது என்று கேட்டதற்கு, எங்கள் ஊரில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தாராம். வரேன். எங்கு போனாலும் திரும்புவேன் என்று அர்த்தம் என்று சொன்னாராம்.

அவள் அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டாள். கைகள் விரல் நுனியையும் தாண்டித் தொங்கின. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்டியை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்றார். நல்ல உயரம், சிரிக்காத முகம். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். "வரேன்" என்றாள். அவர் தலையாட்டிக் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார்.

உள்ளே காற்றாடிகளின் இரைச்சல். அடுக்கடுக்காக அட்டைப்பெட்டிகள், மேலே வெண்பொடியாய்ப் பனி. மூச்சு புகையாகக் கலைந்தது. சூப்பர்வைசர் இயந்திரங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். நடுவழியில் அவள் நின்றுவிட்டாள். அடுக்குக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல்.

"வரே...ன்."

நடுவில் இழுத்து, கடைசியில் சட்டென்று விடுகிற அதே இழுப்பு. மாடிப்படியில் இறங்கும்போது அவர் வழக்கமாகச் சொல்வது. உடனே இன்னொரு மூலையிலிருந்தும் அதே குரல், அதே இழுப்பு. வேறு வாசல் வழியாகச் சரக்கு எடுக்க இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கற்றவர்கள், அதனால் அவர் சொன்ன மாதிரியேதான் சொல்வார்கள். அது புரிந்த பிறகும் அவளுடைய பயம் தெளியவில்லை. பயத்தோடு ஓர் ஆசையும் சேர்ந்துகொண்டது. இன்னொரு தடவை சொல்ல மாட்டார்களா என்று அங்கேயே நின்றாள்.

வெளியே வந்தபோது ஃபோர்க்லிஃப்ட்காரர் அதே இடத்தில் நின்றிருந்தார். டீ வந்து, கூப்பிட்டும் போகவில்லையாம்.

சூப்பர்வைசரின் சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து முதலாளிக்குப் போன் போட்டாள். ஒரு வருடம் பொறுக்கலாம், இயந்திரத்தைப் பழுது பார்த்தால் தேறிவிடும் என்று மூச்சு விடாமல் பேசினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இடத்த வித்தாச்சும்மா. போன வாரமே கையெழுத்தாயிடுச்சு. நீங்க போனது ஒரு மரியாதைக்கு. நோட்டீஸ் போற வரைக்கும் அங்க மூச்சு விடாதீங்க."

அவரே தொடர்ந்தார்.

"உங்க அண்ணனயே இத மூடத்தான் அனுப்பினேன். பேசிட்டு வான்னா, ஒரு வருஷம் டைம் குடுங்கன்னு அங்கிருந்து என்கிட்டயே மல்லுக்கு நின்னார். அன்னைக்கு ராத்திரிதான் அப்படி ஆயிடுச்சு."

போனை வைத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. மூட வந்தவர் இவர்களிடம் வரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சொல்லைக் காப்பாற்றச் சண்டையும் போட்டிருக்கிறார். கடைசியாகக் கிளம்பியபோது தங்கைக்குச் சொல்லாததை இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. அண்ணே, இதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாயே என்று மனதுக்குள் அவரைத் திட்டினாள். பிறகு எழுந்து போய்க் கோட்டைக் கழற்றிப் பழைய கொக்கியிலேயே மாட்டினாள்.

வழியனுப்ப எல்லோரும் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். மூடுவார்களோ என்ற பேச்சு அவர்கள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஒரு சொல் போதும். அதைச் சொல்லிவிட்டால் நம்பிவிடுவார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரர் முன்னால் வந்து நின்றார்.

சொல்லிவிட்டால்தான் என்ன, ஒரு சொல்தானே என்று அவளுக்குத் தோன்றியது. வாய் வரை வந்தது. அவள் உள்ளே போயிருந்தபோது அவர் குடிக்கப் போகாமல் ஆறிப்போன அந்த டீ நினைவுக்கு வந்தது.

"போறேன்" என்றாள்.

சூப்பர்வைசர் பதறிவிட்டார். "அப்படிச் சொல்லக் கூடாதும்மா. வரேன்னு சொல்லுங்க."

அவள் அவரைப் பார்த்தாள். அந்தச் சொல்லைச் சொல்லாமலே காரில் ஏறி உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நேராக உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் அண்ணனுடைய கோட்டு இருந்தது. நான்காக மடித்துக் கார் ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தார்.

"இனிமே இது இங்க இருக்க வேண்டாம்மா."

மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழ் தெரியாத அவர்கள் காதுக்கு இரண்டு சொல்லும் ஒன்றுதான். கையை ஆட்டிக்கொண்டு, அண்ணன் இழுக்கிற மாதிரியே இழுத்து, ஆளாளுக்கு வரேன் வரேன் என்றார்கள். அவள் கோட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். கார் நகர்ந்தது.

தெருமுனையில் திரும்புவதற்கு முன் ஒருமுறை பின்னால் பார்த்தாள். எல்லோரும் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரர் மட்டும் கேட்டருகே கால்களை அகட்டி ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.