அவுட் கோட்டில் உட்கார்ந்தவர்கள்

எங்கள் பக்கத்தில் எந்த விழா என்றாலும் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, முடிவில் தேசிய கீதம். குடவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலும் இரண்டையும் போடுகிறவன் நான்தான். மைக்செட் வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "ஏம்பா மைக்செட்டு" என்பார்கள். அதுவே எனக்கு வசதி. நான் அஞ்சாவதோடு நின்றவன். ஆட்கள் முன்னால் பேச வராது. மைக்கைச் சோதிக்கும்போதுகூட ஊதிப் பார்ப்பேனே தவிர வாயால் ஒரு சொல் சொன்னதில்லை.

ஆம்ப்ளிஃபயர் பழசு. பென் டிரைவ் போடும் பெட்டியிலிருந்து வரும் வயரின் பின் ஆடும். விரலால் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் பாட்டு சுத்தமாக வரும். விட்டால் கரகரவென்று இழுத்து நின்றுவிடும். சினிமாப் பாட்டு நின்றால் பையன்கள் விசில் அடிப்பார்கள், அதோடு போச்சு. தேசிய கீதம் நடுவில் நின்றால் மானம் போய்விடும். அதனால் அந்தப் பாட்டுக்கு மட்டும் தரையில் பெட்டி முன்னால் குந்தி, முடிகிற வரை பின்னைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

என் மகள் கபடி ஆடுவாள். எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்த டீம். அந்த வருஷம் அவள் பன்னிரண்டாவது. மாசி மாசம் வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஊரில் நடக்கும் போட்டிக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து பயிற்சியாளர் அம்மா ஒருவர் வருகிறார், அவருக்குப் பிடித்துவிட்டால் படிப்பும் விடுதியும் இலவசம் என்று பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். அந்த மாசம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. என் மனைவி அறுப்புக்குப் போய்விட்டு வந்து கால் கழுவும்போதுகூட, அந்த விடுதியில் முட்டை போடுவார்களா என்று கேட்பாள்.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் திடலோரத்துப் பூவரச மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். மகள் கீழே நின்று வயரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கியதும் சொன்னாள்.

"நாளைக்குக் கடைசிப் பாட்டுக்கு நாங்க எழுந்திருக்க மாட்டோம்ப்பா. அவுட் கோட்டுல உட்கார்ந்திருப்போம். உங்கிட்ட சொல்லாம செஞ்சா நல்லாருக்காது."

கபடியில் அவுட் ஆனவர்கள் களத்துக்கு வெளியே ஒரு கோட்டில் வரிசையாக உட்கார வேண்டும். தன் பக்கத்து ஆள் எதிராளியை அவுட் ஆக்கினால்தான் உள்ளே வரலாம். அதுவரை எழுந்திருக்கக் கூடாது. ஆட்டம் முடிந்த பிறகு அங்கே உட்கார யாருக்கும் வேலையில்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவின் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். இருந்த பாலம் ஒரு வெள்ளத்தில் விழுந்துவிட்டது. மனு கொடுக்காத திங்கட்கிழமை இல்லை. பார்க்கிறோம் என்பார்கள். அந்த ஐப்பசி அடைமழையில் டீமிலிருக்கும் ஒரு பெண்ணின் அப்பா இறந்துபோனார். ஆம்பளைகளில் பாதிப் பேர் திருப்பூரில். நெஞ்சளவு தண்ணீரில் பாடையைத் தூக்க ஆள் போதவில்லை. அந்தப் பெண்கள்தான் இறங்கி மூங்கிலைக் கீழிருந்து தாங்கினார்கள். நடு வாய்க்காலில் யாருக்கோ கால் வழுக்கியது. தலைமாட்டுப் பக்கம் தண்ணீரில் சாய்ந்தது. அவர் மகள் ஒரு கையால் மூங்கிலையும் ஒரு கையால் அப்பாவின் தலையையும் பிடித்துக்கொண்டு கரை வரைக்கும் நடந்தாள். நானும் பாடைக்கு மறுபக்கம் தாங்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஒன்றாக இருந்து பேசியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாளை வரப்போகிற சிறப்பு விருந்தினரிடம்தான் அந்தப் பாலத்து மனுவெல்லாம் கடைசியாகப் போய்ச் சேரும் என்று தெருவில் சொல்வார்கள்.

"சீட்டு?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியும்ப்பா" என்றாள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கோபப்படவில்லை. "சீட்டு கிடைக்கட்டும். அப்புறம் எங்க வேணா உட்காரட்டும்" என்றாள். மகளிடமும் அதையே சொல்லிப் பார்த்தாள். மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அது சரி என்ற தலையாட்டல் இல்லை.

மறுநாள் பெட்டி முன்னால் குந்தியிருந்தபோது விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், பாட்டு வராது. பாட்டு வராவிட்டால் எழுந்திருக்காத குற்றமும் இல்லை. கூட்டம் கலைந்துவிடும். என்னைத் திட்டுவார்கள், அடுத்த வருஷம் வேறு மைக்செட் வைப்பார்கள், அவ்வளவுதானே. காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விழாக் கமிட்டித் தலைவர் வேறு வந்து நின்றார். திடலைச் சுற்றி இருக்கிற நிலமெல்லாம் ஒருகாலத்தில் அவர் வீட்டு நிலம். கடைசிப் பாட்டு கரகரப்பு இல்லாமல் வரணும், விருந்தினர் முன்னால் ஊர் பேர் கெட்டுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள் இறுதி ஆட்டம் வெயில் தாழ்ந்ததும் தொடங்கியது. எதிர் டீம் கூட்டத்திலிருந்து ஒருவன், "களை பறிக்கிற மாதிரியே குனியுதுங்க பாரு" என்றான். எங்கள் டீமில் அப்பாவை இழந்த அந்தப் பெண், மூச்சு வாங்கிக்கொண்டே, "களையத்தான்ணே பறிச்சிக்கிட்டிருக்கோம்" என்றாள். அவன் பக்கத்தில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

பயிற்சியாளர் அம்மா என் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் மகள் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, காலைப் பிடித்த கையை உதறி, நடுக்கோட்டில் விரல் வைத்தபோது அவர் என்னைத்தான் கேட்டார், அந்த ஏழாம் நம்பர் யார் வீட்டுப் பெண் என்று. பக்கத்தில் நின்ற ஜெனரேட்டர்காரர்தான், இவர் மகள்தான்மா என்று சொன்னார். அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாக் கால் போடுறா. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. சீட்டைப் பத்திப் பேசிக்கலாம்."

நான் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கிப் பின்னைத் தொட்டுப் பார்த்தேன்.

எங்கள் பெண்கள் ஜெயித்தார்கள். கோப்பை கொடுத்தார்கள். விருந்தினர் பேசினார். எங்கள் தெருப் பெண்களைப் புகழ்ந்து, இந்த மண்ணின் வீரம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு தலைவர் மைக்கில், அனைவரும் நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொண்டார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எங்கள் பெண்கள் மேடைக்கு முன்னாலிருந்து வரிசையாக நடந்து போய், அவுட் கோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கோப்பையை நடுவில் தரையில் வைத்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் மகள் மட்டும் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பின் ஆடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் இறுக்கிப் பிடித்தேன். அன்றைக்கு வந்த மாதிரி அந்தப் பாட்டு என் குழாயில் அதற்கு முன் சுத்தமாக வந்ததில்லை.

பாட்டு முடிந்ததும் விருந்தினர் தலைவரைப் பார்த்தார். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவுட் கோட்டை நோக்கி நடந்தார். பின்னாலேயே செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பையன்கள் போனார்கள். தலைவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சோறு போடுகிற நாட்டுக்கு எழுந்து நிற்க உங்களுக்கு வலிக்குதா என்று கேட்டார். போலீசுக்குச் சொன்னால் கேஸ் ஆகும், கேஸ் ஆனால் எந்தக் கல்லூரியும் உங்களை வாசலில்கூட நிற்கவிடாது என்று நிதானமாகச் சொன்னார். இதைப் பயிற்சியாளர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பெண்கள் எழுந்திருக்கவில்லை.

நான் எப்படி எழுந்து அங்கே போனேன் என்று எனக்குத் தெரியாது. தலைவருக்குப் பின்னால் நின்றேன். முட்டியில் மண் ஒட்டியிருந்தது.

"ஐயா, நானும் எழுந்திருக்கலைங்க" என்றேன்.

அவர் திரும்பினார். "நீ என்னடா சொல்ற?"

"நான் எப்பவும் உட்கார்ந்துதாங்க இருப்பேன். வயர் பின்ன விட்டா பாட்டு நின்னுடும். இத்தனை வருஷம் உங்க மேடையில இந்தப் பாட்டுக்கு உட்கார்ந்துதாங்க இருந்திருக்கேன். கேஸுன்னா என் மேலதாங்க மொதல்ல போடணும்."

ஜெனரேட்டர்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு பையன்கள். விருந்தினர் மேடையிலிருந்து, அப்போ அவரையும் சேர்த்து எட்டுப் பேரா என்றார். கூட்டமே சிரித்தது. தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உட்காருவது இவன் குடும்ப வழக்கம் போல, போய்த் தொலைங்கடா என்று என் தோளைத் தள்ளினார். செல்போன்கள் இறங்கின. பயிற்சியாளர் அம்மா மூச்சு விட்டது எனக்குத் தெரிந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். என் மகளுக்குச் சீட்டு மிஞ்சிவிட்டது. சின்னப் பிள்ளைகள் களைத்துப் போய் உட்கார்ந்துவிட்டார்கள் என்று ஊர் பேசிவிட்டு மறந்துவிடும்.

பெட்டியிடம் திரும்பி வந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். என் மகள் வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் செய்தது அவளுக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"நீ உட்கார்ந்தது பின்னுக்காகப்பா. நாங்க உட்கார்ந்தது அதுக்கா? மைக்கக் குடு."

மைக் என் மடியில் இருந்தது. ஆம்ப்ளிஃபயரை நான் இன்னும் அணைக்கவில்லை. விருந்தினர் காரில் ஏறப் போய்க்கொண்டிருந்தார். பயிற்சியாளர் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தாமதித்தால் போதும், இரண்டு பேரும் போய்விடுவார்கள். சுவிட்சைத் தட்டிவிட்டு கரண்ட் போச்சு என்று சொல்லலாம். அவள் மறுபடி கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கையில் புண் இருந்தது, நடுக்கோட்டைத் தொடும்போது தேய்ந்தது. ஐப்பசியில் அந்தக் கை மூங்கிலைத் தாங்கியதைப் பாடைக்கு மறுபக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

கொடுத்தேன்.

அவள் நீளமாகப் பேசவில்லை. "பாட்ட அவமரியாத பண்ண நாங்க உட்காரல. எங்க தெருவுல ஒருத்தர் செத்தா வாய்க்காத் தண்ணியிலதான் தூக்கிட்டுப் போறோம். இவ அப்பா தலை தண்ணியில சாஞ்சுது. ஆட்டத்துல அவுட்டானவங்க உட்கார்ந்துதானே இருக்கணும்? பாலம் வர்ற வரைக்கும் நாங்க அவுட்டுதான்." அவ்வளவுதான். பூவரச மரத்துக் குழாயிலிருந்து அது அறுத்த வயலெல்லாம் தாண்டி எங்கள் தெரு வரைக்கும் கேட்டதாக என் மனைவி பிறகு சொன்னாள்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. விருந்தினர் கார்க் கதவைப் பிடித்தபடி கேட்டுவிட்டு ஏறிப் போனார். தலைவர் வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். யாரும் தடுக்கவில்லை. பயிற்சியாளர் அம்மா போகும்போது என் மகளிடம் நின்றார். நன்றாக ஆடினாய் என்றார், தன் கையில் எல்லாம் இல்லை என்றார். அடுத்த வாரம் வரச் சொன்னதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் போகவும் இல்லை. அந்தச் சீட்டு தோற்ற டீமிலிருந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது என்று பி.டி. டீச்சர் சொன்னார். என் மகள் அந்தப் பெண்ணைப் பற்றி, அவளும் நல்லாத்தான் பிடிப்பா என்றாள். போட்டி நடந்த ராத்திரி என் மனைவி என்னிடம் பேசவில்லை. மகளிடம் பேசினாள், என்னிடம் இல்லை. மைக்கைக் கொடுத்தவன் நான்தானே.

சித்திரையில் வாய்க்கால் கரையில் பாலத்துக்கென்று சிமெண்ட் குழாய் இரண்டைக் கொண்டுவந்து போட்டார்கள். போட்டதோடு சரி. ஆடுகள் நிழலுக்கு அதற்குள் படுத்துக்கொள்கின்றன. மகள் இப்போது குடவாசல் கல்லூரிக்கு பஸ்ஸில் போய்ப் படிக்கிறாள், பீஸ் கட்டி.

பெரிய ஊரில் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். குத்தாலம் பக்கம் ஒரு ஊரில் வைகாசிப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். வாடகை பேச வந்தவர், பாட்டுக்கு நிப்பீங்களா உட்காருவீங்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றைக்குப் பையன்கள் எடுத்ததைச் செல்போனில் பார்த்திருக்கிறார். புதுப் பின் மாற்றிவிட்டேன், நிற்கலாம் என்றேன். உண்மையாகவே மாற்றியிருந்தேன்.

அந்தப் போட்டியில் எங்கள் பெண்கள் அரையிறுதியிலேயே தோற்றுவிட்டார்கள். ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. கடைசியில் எழுந்து நிற்கச் சொன்னபோது அவுட் கோட்டில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் அவர்களைப் பார்த்தார்கள், பாதிப் பேர் என்னைப் பார்த்தார்கள். இப்படி என்னை ஒரு கூட்டம் பார்த்ததே இல்லை. காது சுட்டது. பெட்டி முன்னால் குந்திப் பாட்டைப் போட்டேன். புதுப் பின் ஆடவில்லை. விரலுக்கு அங்கே வேலையே இல்லை.

பெட்டியை விட்டு இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை.